லேவில் இறங்கிய அன்றே தண்டால் எடுப்பது வீரம் இல்லைங்க!

1/ லடாக் சீசன் வந்தாலே ரீல்ஸும் வந்துடுது. காலைல ஃப்ளைட்ல லே, மதியம் தண்டால், சாயங்காலம் மலையேத்தம். "ஃபிட்டா இருந்தா ஒண்ணும் ஆகாது ப்ரோ"ன்னு அட்வைஸ் வேற. ஒரு மருத்துவரா சொல்றேன், இது தப்பு. ஆபத்தான தப்பு.

2/ லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21% தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு. அதனால் சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். கர்துங் லா போனால் பாதிதான்.

3/ உடல் எடையில் மூளை வெறும் 2%. ஆனால் ஓய்வில் நாம் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20% அதற்குத்தான் போகுது. அந்த உயரத்தில் உடற்பயிற்சி செய்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இன்னும் இறங்கும். வேகமா மூச்சு வாங்குறதால கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு, மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்கப் பார்க்கும்.

4/ இதில்தான் சிக்கலே. ஞாபகம், கவனம், முடிவெடுக்கும் திறன் எல்லாம் மந்தமாகும். ஆனா "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு தீர்ப்பு சொல்றதும் அதே மூளைதானே? குடிச்சவர் "நான் ஸ்டெடி"ன்னு சொல்ற கதைதான்.

5/ தாமஸ் ஹார்ன்பைன் 1963இல் எவரெஸ்ட் ஏறிய மருத்துவர். அவர் குழு 1989இல் வெளியிட்ட ஆய்வில், மிக உயரம் போய்த் திரும்பியவர்களுக்கு நினைவாற்றல், மொழித் தேர்வுகளில் லேசான சறுக்கல் தெரிந்தது. ஆக்சிஜன் குறையும்போது அதிகமா மூச்சு வாங்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கே பாதிப்பு கூடுதல்! லடாக் டூரில் அந்த அளவுக்கு ஆகாது. ஆனால் எவரெஸ்ட் ஏறினவங்களையே மலை விட்டு வைக்கலை, நம்ம ஜிம் பாடியை விடுமா?

6/ "விளையாட்டு வீரர்கள் மலையில் பயிற்சி எடுக்கலையா?" எடுக்கிறாங்க. வாரக்கணக்கில், கண்காணிப்போட. ரத்த சிவப்பணுக்கள் ஒரே சாயங்காலத்தில் கூடிடாது.

7/ செய்ய வேண்டியது:
🔸 முதல் 48 மணி நேரம் ஓய்வு.
🔸 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீங்க.
🔸 தலைவலி, குமட்டல் இருந்தா மேலே ஏறாதீங்க.
🔸 குதிகால்-விரல் ஒட்டி நேர்கோட்டில் நடக்க முடியலையா? பேச்சில் குழப்பமா? மூளை வீக்கமா இருக்கலாம். ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே இறக்குங்க. விடியட்டும்னு காத்திருக்காதீங்க. தனியா அனுப்பவும் கூடாது.

8/ கிளம்பும் முன்பே கூட வர்றவரிடம் சொல்லி வைங்க: "நான் தள்ளாடினா, நான் மறுத்தாலும் கீழே இறக்கிடு." அந்த முடிவை இப்பவே, தெளிவா இருக்கும்போதே எடுங்க.