அழலும் படையும்

வெள்ளணுக்களைப் பற்றித் தமிழில் எழுத அமர்ந்தால் படைவீரர்கள் தாமாகவே வந்து நிற்கிறார்கள். உடல் கோட்டை, கிருமி பகைவன், அணுக்கள் காவற்படை. ஆண்டுதோறும் புறநானூறு நடத்தும் நமக்கு இவ்வுவமை இனிப்பதில் வியப்பில்லை. ஆயினும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுற்ற குழந்தைகளின் நுரையீரலைப் பற்றிப் படித்தபின், இதைக் கைவிட வேண்டும் என்றே தோன்றுகிறது.

1989இல் இனங்காணப்பட்ட சி.எஃப்.டி.ஆர். மரபணு பழுதுபட்டால் மூச்சுக்குழாய்ச் சளி நீர்ப்பதம் இழந்து பிசினாகிறது. அங்கே நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் திரள்கின்றன. அவை உமிழும் எலாஸ்டேஸ் என்ற நொதி கிருமியோடு நிற்பதில்லை. நுரையீரலுக்கு நெகிழ்வு தரும் இழைகளையும் அரிக்கிறது. மடிந்த அணுக்களிலிருந்து சிந்தும் டி.என்.ஏ. சளியை மேலும் இறுக்குகிறது. மடிந்தவற்றை விழுங்கி அகற்ற வேண்டியவை மேக்ரோபேஜ்கள். அவை இனங்காண உதவும் ஏற்பிகளையும் அதே நொதி வெட்டிவிடுகிறது. பிணம் அகற்ற ஆளில்லாத இக்களத்தை எந்தத் திணையில் சேர்ப்பது?

ஆஸ்திரேலியாவில், பிறந்தவுடன் நோய் அறியப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் எலாஸ்டேஸின் செயல்பாடு தென்பட்ட குழந்தைகளுக்கு, மூன்று வயதில் மூச்சுக்குழாய் விரிந்து சிதைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்றது அது. மூன்று மாதம் என்பது நம் வீடுகளில் பிள்ளை குப்புற விழக் காத்திருக்கும் பருவம்.

அப்படியானால் அணுக்களை அடக்கிவிடலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். பிரெட்னிசோன் நுரையீரலின் தேய்வைத் தாமதப்படுத்தியது. கூடவே பிள்ளைகளின் உயரத்தையும் குறைத்தது. நியூட்ரோஃபில்களை அழைக்கும் சமிக்ஞையைத் தடுத்த மற்றொரு மருந்தின் சோதனை, நோய் தீவிரமடைந்தவர்கள் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மும்மருந்துக் கூட்டு பழுதுற்ற புரதத்தையே சீர்செய்கிறது. அதன் விலை வேறு கதை. அதிலும் அழற்சி தணிகிறதே ஒழிய முற்றாக மறைவதில்லை.

அழற்சி. இச்சொல்லுக்குள் அழல் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். வீரன் என்றால் எண்ணிக்கையைக் கூட்டத் தோன்றும். ‘எதிர்ப்பு சக்தி’ விற்கும் பானங்கள் யாவும் இந்த ஓர் உவமையை நம்பியே பிழைக்கின்றன. இந்தியாவிலும் இந்நோய் உண்டு. கண்டறியப்படாமலே போவதும் உண்டு. ஓயாது இருமும் பிள்ளைக்கு அத்தகைய பானத்தைக் கலக்கும் தாயிடம், உன் பிள்ளையின் படை போதவில்லை என்று சொல்லி வைத்தது நம் பாடநூல் தமிழ். அடுப்பில் எரியும் தீயைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.