ஏழாவது அமாவாசை

சில மாசம் முன்னாடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தேன். செஞ்சி பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்காக: அங்காளம்மன் கோயில், ராத்திரி ஊஞ்சல் உற்சவம், ஸ்பெஷல் பஸ், கால் வைக்க இடமில்லாத கூட்டம்.

பக்கத்துல ஒரு அம்மா, மகனோட உக்காந்திருந்தாங்க. பையனுக்கு இருபது வயசு இருக்கும். தனக்குத்தானே பேசிக்கிட்டே இருந்தான். "காத்து கருப்பு பட்டுடுச்சு தம்பி, இது ஏழாவது அமாவாசை"ன்னாங்க. ஊஞ்சல் எத்தனை மணிக்கு, எங்க உக்காந்தா அம்மன் தெரியும், திரும்ப எந்த பஸ்... எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி.

"முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்காங்களேம்மா, காட்டினீங்களா?"

"அங்க ஆக்சிடெண்ட் கேஸ்தானே பாப்பாங்க?"

இல்லைன்னு விளக்கினேன். உடனே கேட்டாங்க: "எந்தக் கிழமை வரணும்? எந்த ரூம்? எவ்வளவு செலவாகும்?" அரசு ஆஸ்பத்திரி, காசு வாங்க மாட்டாங்கன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. மத்தது எனக்கே தெரியலை!

இதை மூடநம்பிக்கைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடறோம். அந்தம்மா வைத்தியத்தை வேணாம்னு சொல்லவே இல்லைங்க. அவங்ககிட்ட யாரும் சொல்லலை, அவ்வளவுதான். மனநோய்க்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. மருந்து கேட்க சில வாரம் ஆகும், கொஞ்சம் தேறினதும் நாமளா நிறுத்தக்கூடாது. இதைச் சொல்லாம மாத்திரையை மட்டும் கையில குடுத்தா, பத்தாவது நாள் "ஒண்ணும் கேக்கலை"ன்னு திரும்பக் கோயிலுக்குத்தான் வருவாங்க.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி ஞாபகம் இருக்கா? சங்கிலியில கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில செத்தாங்க. அப்புறம் உச்ச நீதிமன்றம் தலையிட்டுச்சு. 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடறதையே தடை பண்ணுச்சு, அரசு மனநல சிகிச்சையை உரிமைன்னும் சொல்லுது. சரி, அந்த உரிமை இருக்குன்னு ஏழு அமாவாசை அலைஞ்ச அம்மாவுக்கு யார் சொல்றது?

2022 அக்டோபர்ல இருந்து 14416னு ஒரு இலவச நம்பர் இருக்கு, மனநல ஆலோசனைக்கு, 24 மணி நேரமும். அந்த நம்பரையும், முண்டியம்பாக்கத்துல எந்தக் கிழமை, எந்த ரூம்ங்கிறதையும் மலையனூர் பஸ் ஸ்டாண்டுல பெரிய எழுத்துல எழுதி வைக்கட்டும். எலுமிச்சம்பழக் கடை பக்கத்துலயே வைக்கட்டும். அம்மனை விட்டுடுங்கன்னு யாரும் சொல்ல வேணாம். ராத்திரி ஊஞ்சல் பாக்கட்டும், விடிஞ்சதும் டாக்டரையும் பாக்கட்டும்.

டிஸ்கி: அந்தம்மாகிட்ட 14416ஐ பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தேன். மடிச்சு சுருக்குப் பையில வச்சுக்கிட்டாங்க. போன் பண்ணாங்களான்னு தெரியாது.