போர் வேலை முடிந்த எஞ்சின் உதறினால் உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள்

ஆயில் எஞ்சினுக்கு லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, பேரிங்கும் மாற்றி, கைப்பணத்தோடு கடன் பணத்தையும் கொட்டிய பிறகு எஞ்சின் முன்னைவிட மோசமாக ஓடினால் விவசாயியின் மனம் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பளு இல்லாமல் மெதுவாக ஓட விட்டால் குதிக்கிறது, உதறுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "ரிங் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, மறுபடி கழற்றிப் பார்த்துவிடலாம்" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். இந்தத் தலையாட்டலை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். ஆனாலும் இணைப்புக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்களும், ஆறு, வாய்க்காலிலிருந்து இறைப்பவர்களும் ஆயில் எஞ்சினை நம்பித்தான் இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஏக்கர்காரரிடம் மாற்று எஞ்சின் கிடையாது. எஞ்சின் கழன்று கிடக்கும் நாளெல்லாம் பயிர் வாடும் நாள்.

என் 5 குதிரைசக்தி எஞ்சினுக்கே இது நேர்ந்தது. நிலக்கடலை விழுது இறங்கும் பருவம். போர் வேலை முடிந்து ஓட்டினால் ஒரே உதறல், வெள்ளைப் புகை. ஹெட்டைக் கழற்றினார்கள், புது ஹெட் பேக்கிங் வாங்கினேன், மாட்டினார்கள், அதே உதறல். மறுபடி கழற்றலாம் என்றபோது நான் மறுத்துவிட்டு, நாசிலை மட்டும் எடுத்துக்கொண்டு டவுனில் பம்பு, நாசில் டெஸ்ட் செய்யும் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் நாசிலைப் பார்த்துவிட்டு, "இது நன்றாகத்தான் இருக்கிறது. அடியில் எத்தனை வாஷர்?" என்றார். வந்து குழிக்குள் பார்த்தால் பழைய செம்பு வாஷர் கரி பிடித்து அப்படியே ஒட்டியிருக்கிறது. அதன் மேலேயே புது வாஷர். நாசில் மூக்கு மேலே தூக்கி நின்று, டீசல் தூவ வேண்டிய இடத்தில் தூவவில்லை. பழைய வாஷரை நெம்பி எடுத்ததும் எஞ்சின் சீராகிவிட்டது. இடையில் போனது எட்டு நாள் தண்ணீர்.

யோசித்துப் பாருங்கள். புதிதாகப் போட்ட சாமானையே சந்தேகப்படுகிறோம். அந்த வேலைக்காகக் கழற்றி மாட்டிய பழைய சாமான்களை மறந்துவிடுகிறோம். டீசல் குழாய், பம்பு, நாசில், டேப்பட், கவர்னர் கம்பி எல்லாமே கைபட்டவைதானே? பளுவில்லாமல் ஓடும்போது எஞ்சினுக்குள் போகும் டீசல் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் உதறலாகத் தெரிந்துவிடும். ஆகவே முதல் சந்தேகம் டீசல் வழிமேல் விழுவதே நியாயம்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் எஞ்சின் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பிறகு தளரும். அடுத்து பில்டரிலும் பம்பிலும் உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை ஏர் எடுக்க வேண்டும். நாசிலை வெளியே வைத்துத் தூவிப் பார்ப்பவர்கள் அதன் முன் கையை நீட்டவே கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்திய அளவு புள்ளிதானே என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பம்பின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள் முக்கியம். பம்பைக் கழற்றும்போது அவை மண்ணில் விழுந்து தொலைவது சகஜம். ஒரு தகடு குறைந்தால் டீசல் முந்திப் பாய்ந்து எஞ்சின் தட்டும். கூடுதலாகிவிட்டால் பிந்திப் பாய்ந்து வெள்ளைப் புகையும் சோர்வும். எத்தனை இருந்ததோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும். வால்வு அரைத்திருந்தால் டேப்பட் இடைவெளி குறைந்திருக்கும். குளிர்ந்திருக்கையில் ஒழுங்காக ஓடிச் சூடேறியதும் உதறினால் அதைப் பாருங்கள். இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். கம்பெனிப் புத்தகத்தில் உள்ளபடி பீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண்மதிப்பு உதவாது.

உதறாமல் ஒரே தாளத்தில் ஏறி இறங்கி ஓடினால் அது கவர்னர் பக்கத்துக் கோளாறு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பம்பின் ராக்கை விரலால் நகர்த்திப் பாருங்கள். தடையின்றி வழுக்க வேண்டும். இறுகியிருந்தால் ஓட்டவே வேண்டாம், வேகம் கட்டுக்கடங்காமல் போய்விடும்.

ஹெட்டைக் கழற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிளைவீலைக் கையால் சுற்றும்போது அழுத்தம் எதிர்த்துத் தள்ள வேண்டும். தள்ளாமல் சைலன்சர் வழியாகவோ ஏர் பில்டர் வழியாகவோ உஸ்ஸென்று காற்று போனால் வால்வு கோளாறு. ஆயில் அறைப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் ரிங். எஞ்சின் ஓடும்போது குளிர்நீரில் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் பேக்கிங்கோ ஹெட்டோ பழுது. அப்போது தயங்காமல் கழற்றலாம். புது ரிங் பழகும் வரை லேசாக நீலப்புகை வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பளுவில்லாமல் மணிக்கணக்காக ஓட விடாமல், மிதமான பளு கொடுத்துப் பழக்குவதே நல்லது.

மெக்கானிக்கையே குறை கூறுவதும் முறையல்ல. மரத்தடியில் சாக்கை விரித்து, அளவு பார்க்கும் கருவி இல்லாமல், "சாயங்காலத்துக்குள் தண்ணீர் பாய வேண்டும்" என்று நாம் தலைமேல் நிற்க, அவர் வேலை செய்கிறார். மலிவான ரிங்கை வாங்கிக் கொடுப்பதும் நாம்தான். ஆனால் ஸ்டார்ட் ஆனதுமே கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும் வழக்கத்தை ஒப்புக்கொள்ள முடியாது. கூலியில் கால் பங்கை, ஒரு பாய்ச்சல் முழுதாக முடிந்த பிறகு தருவதாக வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கழற்றும்போது கூடவே உட்கார்ந்து, வாஷரையும் தகட்டையும் எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் ஹெட் நட்டுகளைக் கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி மறுபடி முறுக்கி, டேப்பட்டையும் மீண்டும் பார்க்க வேண்டும். அதற்கு அவர் திரும்பி வருவதும் அதே கூலியில் அடக்கம் என்று பேசிவிடுங்கள்.