சென்னைக்கு முதல்முறை வர்றவங்களை எங்கே சாப்பிடச் சொல்லலாம்? ஹோட்டல் பெயருக்கு முன்னால் கேட்க வேண்டியவை

"அடுத்த வாரம் சென்னை வர்றோம். கம்மி செலவுல நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" சென்னையில் வேலை பார்க்கும் பெரும்பாலானோருக்கு ஊரிலிருந்து அடிக்கடி வரும் வாட்ஸ்அப் மெசேஜ் இது. பதிலும் ரெடியாக இருக்கும். மயிலாப்பூரில் ஒரு மெஸ், தி.நகரில் ஒரு பெரிய சைவ ஹோட்டல், அடையாறில் ஒரு ஸ்வீட் கடை என நான்கைந்து பெயர்கள் மேப் லிங்க்குடன் பறக்கும்.

அந்த லிஸ்ட்டில் தப்பில்லை. ஆனால், அது பெரும்பாலும் ருசி தேடி ஊர் சுற்ற வருபவருக்கான லிஸ்ட். முதல்முறை சென்னை வரும் எல்லோரும் அப்படி வருவதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அப்பாவை அழைத்து வரும் மகன், தி.நகரில் கல்யாணப் புடவை எடுக்க ஒரு வேன் நிறைய வரும் குடும்பம், இன்டர்வியூவுக்காக விடிகாலை எழும்பூரில் வந்து இறங்கும் இளைஞர், கபாலீஸ்வரர் கோயிலைப் பார்க்க வரும் வயதான தம்பதி எனப் பலரும் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தப்பான ஹோட்டல் என்பது வெறும் சுமாரான தோசை அல்ல. கையில் எண்ணி வைத்திருக்கும் பணமும், மருத்துவமனை டோக்கனோ ரயிலோ தவறிப்போகும் அளவுக்கு நேரமும் அதில் போய்விடும்.

எனவே, 'மலிவான ஹோட்டல் எது?' என்ற கேள்விக்கு ஒரு பெயரை மட்டும் பதிலாகச் சொல்வது போதாது. யார் வருகிறார், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்ட பிறகுதான் பெயருக்கே போக வேண்டும்.

மெஸ் யாருக்காக வந்தது?

சென்னையில் மலிவான சாப்பாட்டின் வரலாறே வெளியூர்க்காரர்களின் வரலாறுதான். படிக்க வந்த மாணவர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிய பேச்சிலர்கள் ஆகியோரை நம்பியே மெஸ்கள் வளர்ந்தன. வீட்டுச் சமையலை வீட்டை விட்டு வந்தவர்களுக்குப் போடுவதுதான் அவற்றின் தொழில். உடுப்பி ஹோட்டல்கள் இங்கே காலூன்றியதும், 1951-ல் புஹாரி அண்ணா சாலையில் தொடங்கியதும், 1981-ல் சரவண பவன் கே.கே.நகரில் பிறந்ததும் வெளியே சாப்பிட்டே ஆக வேண்டிய ஒரு கூட்டம் இந்த ஊரில் எப்போதும் இருந்ததால்தான்.

அன்றைய மெஸ்ஸுக்கு வந்தவர் தினமும் வந்தார். விலை தெரியும், நேரம் தெரியும், சர்வரைத் தெரியும். இன்று முதல்முறை வருபவருக்கு இந்த மூன்றும் தெரியாது. அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய தகவலும் இந்த மூன்றுதான்.

மயிலாப்பூர்: நேரம் தெரியாமல் போகாதீர்கள்

மயிலாப்பூரின் புகழ்பெற்ற இடங்கள் பலவும் சின்னவை. அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ்ஸில் டிபன்தான் விசேஷம், மதியச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகக் கூடாது. உள்ளே சிலர் மட்டுமே உட்கார முடியும் என்பதால் தெருவில் காத்திருக்க வேண்டும். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஜன்னல் கடை' பெயருக்கேற்றபடி ஜன்னல் வழியாகத்தான் பஜ்ஜியையும் டிபனையும் கொடுக்கும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். தெற்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க்கும் அப்படித்தான்.

இளைஞர்களுக்கு இது செம அனுபவம். முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கு அல்ல. அவருக்கு மாட வீதிகளில் நாற்காலி, ஃபேன், கழிப்பறை இருக்கும் ஹோட்டல்தான் 'நல்ல ஹோட்டல்'. கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் போன்ற உட்கார்ந்து சாப்பிடும் இடங்களும் இருக்கின்றன.

சீசனும் முக்கியம். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவ நாளில் மாட வீதிகளில் நடக்கவே இடம் இருக்காது. அன்று லஞ்ச்சை வேறு ஏரியாவில் முடித்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். மார்கழியில் வந்தால் சபா கேன்டீன்கள் இருக்கின்றன. பொதுவாகக் கச்சேரி டிக்கெட் இல்லாதவர்களும் அங்கே போய்ச் சாப்பிடலாம். ஆனால் இலைச் சாப்பாடு விருந்து மாதிரி இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஒருநாள் அனுபவத்துக்கு ஓகே, பட்ஜெட் சாப்பாட்டுக்கு அல்ல.

தி.நகர்: எந்த ஹாலில் உட்காருகிறோம்?

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவருக்கு, மதியம் 1 மணிக்குப் பசி வரும்போது கையில் நான்கு பைகள் இருக்கும். கண்ணில் படும் முதல் ஹோட்டலுக்குள் போய்விடுவார். அங்கே இரண்டு ஹால் இருக்கலாம். ஏ.சி. ஹாலில் அதே தோசைக்குத் தனி ரேட், கீழே சாதாரண ஹாலில் வேறு ரேட், செல்ஃப் சர்வீஸில் இன்னொரு ரேட். பில் வரும்போதுதான் விஷயம் புரியும்.

பலரும் இதை 'ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. அதிகம்' என்று நினைக்கிறார்கள். அது பழைய கதை. ஏ.சி., நான் ஏ.சி. வித்தியாசம் 2017 நவம்பர் 15-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. சாதாரண உணவகம் எதுவானாலும் வரி 5 சதவீதம்தான். ஏ.சி. ஹாலில் கூடுவது வரி அல்ல, மெனு விலை. ஹோட்டல் அப்படி விலை வைப்பது தப்பில்லை. உட்காரும் முன்பே அது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம்.

பெரிய குழுவாக வருபவர்களுக்கு இன்னொன்று. அன்லிமிடெட் சாப்பாடு எல்லோருக்கும் லாபம் இல்லை. குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு மினி மீல்ஸோ கலவை சாதமோ போதும். ஆனால் ஒரு சாப்பாட்டை இருவர் பகிர்ந்து சாப்பிடப் பல ஹோட்டல்களில் விடமாட்டார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. 12 மணிக்கு முன்பே உட்கார்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைத்து 2023-ல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை வழியாகப் போனால் ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமலே வெளியே வரலாம்.

அடையாறு: தினமும் மூன்று வேளை

இந்தக் கேள்வி உண்மையிலேயே கனமாகும் இடம் அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழகம் முழுவதிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். சிகிச்சை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். கூட இருப்பவருக்கு மூன்று வேளையும் வெளிச் சாப்பாடுதான்.

இவர்களுக்கு 'அடையாறு போனா அந்த ஸ்வீட் கடையை மிஸ் பண்ணாதே' என்ற அட்வைஸ் எந்த வகையிலும் உதவாது. வேளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளைக்கு 450 ரூபாய், 20 நாளுக்கு 9,000 ரூபாய். அதே ஆள் வேளைக்கு 70 ரூபாயில் முடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் 4,200 ரூபாய். மிச்சமாகும் 4,800 ரூபாய் மருந்துக் கடை பில்லுக்குப் போகும்.

இங்கேதான் அம்மா உணவகம் லிஸ்ட்டில் முதலில் வர வேண்டும். ஆனால் ஆன்லைன் 'பட்ஜெட் ஈட்ஸ்' பட்டியல்களில் அதைப் பார்ப்பதே அபூர்வம். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஆட்சி மாறிய பிறகும் திட்டம் தொடர்கிறது. 2024 ஜூலையில் தேனாம்பேட்டை உணவகத்தில் ஆய்வு செய்த முதல்வர் ஸ்டாலின், சீரமைப்புக்கும் புதிய பாத்திரங்களுக்கும் 21 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார். எல்லாக் கிளையிலும் தரம் ஒன்றுபோல் இருக்காது. நேரம் தவறினால் சாப்பாடு தீர்ந்துவிடும். ஆனால் ஒருவேளையாவது அங்கே முடித்தால் மாதச் செலவு கணிசமாகக் குறையும். அங்கே சாப்பிடுவதை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டியதில்லை. மாநகராட்சிப் பணத்தில் நடக்கும் அந்த இடம் எல்லோருக்குமானது.

பில் வந்ததும் பார்க்க வேண்டியவை

* சர்வீஸ் சார்ஜ்: இது வரி அல்ல. உணவகங்கள் இதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.
* ஜி.எஸ்.டி.: 'காம்போசிஷன்' திட்டத்தில் இருக்கும் சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வசூலிக்க முடியாது. மற்ற சாதாரண ஹோட்டல்களில் 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் பில் 420. அதற்கு மேல் போனால் ஏன் என்று கேட்கலாம்.
* தண்ணீர் பாட்டில்: எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பாட்டில் வேணாம், டம்ளர் தண்ணி போதும்" என்று முதலிலேயே சொல்வதுதான் வழி.
* உரிம எண்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். சாப்பாட்டில் பிரச்சினை வந்தால் புகாருக்கு அந்த எண் உதவும்.

ஸ்டாரை எவ்வளவு நம்பலாம்?

4.3 ஸ்டார் என்பது பல ஆயிரம் பேரின் சராசரி. அதில் ஏ.சி. ஹாலில் பர்த்டே கொண்டாடியவரும் இருப்பார், பார்சல் லேட்டானதற்கு ஒரு ஸ்டார் கொடுத்தவரும் இருப்பார். போலி ரிவ்யூக்களின் தொல்லையால்தான் 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் விமர்சனங்களுக்கென ஐ.எஸ். 19000 என்ற தர விதிமுறையைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றுவது தன்விருப்பம் சார்ந்ததாகவே வைக்கப்பட்டது.

எனவே ஸ்டாரைவிட, கடந்த ஒரு மாதத்தில் யாராவது போட்ட மெனு கார்டு போட்டோ அதிகம் உதவும். டெலிவரி ஆப்பில் இருக்கும் விலையை அப்படியே நம்பக் கூடாது. அங்கே விலை கடையில் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பது சகஜம்.

விலைப்பலகை வாசலில் இருக்கட்டும்

இவ்வளவு டிப்ஸும் எதற்குத் தேவைப்படுகிறது? உள்ளே போய் உட்காரும்வரை விலை தெரியாததால்தான். உட்கார்ந்து, தண்ணீர் வைத்து, இலையும் போட்ட பிறகு "விலை ஜாஸ்தி" என்று எழுந்து போக நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. கூச்சம். குறிப்பாக, கிராமத்திலிருந்து வரும் ஒருவருக்கு அந்தக் கூச்சமே பெரிய செலவு. இப்போது பல ஹோட்டல்களில் மெனு கார்டுக்குப் பதில் கியூ.ஆர். கோடு. பட்டன் போன் வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை.

பழைய ஹோட்டல்களில் கல்லாவுக்கு மேலே 'இட்லி, வடை, காபி' என்று விலையோடு பலகை தொங்கும். இன்றும் டீக்கடையிலும் டோக்கன் கவுன்டரிலும் அது இருக்கிறது. பிரான்சில் உணவகங்கள் மெனுவையும் விலையையும் வாசலுக்கு வெளியே காட்ட வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்களில் கடைக்கு மேலேயே படமும் விலையும் இருக்கும். தெரு டீக்கடை செய்வதைப் பெரிய ஹோட்டல்கள் செய்ய முடியாதா என்ன?

சாப்பாடு, டிபன், காபி ஆகிய மூன்றின் விலையை, ஏ.சி., நான் ஏ.சி. எனப் பிரித்து, தமிழில் வாசலில் எழுதி வைக்க ஒரு பலகை போதும். உரிமம் புதுப்பிக்கும்போது மாநகராட்சி இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். மருத்துவமனை, ரயில் நிலையம், கோயில் இருக்கும் தெருக்களிலிருந்து தொடங்கலாம்.

அதுவரை, ஊரிலிருந்து அந்த வாட்ஸ்அப் மெசேஜ் வந்தால் ஹோட்டல் பெயரை டைப் செய்யும் முன் "எத்தனை பேர் வர்றீங்க, எத்தனை நாள் இருப்பீங்க, பெரியவங்க கூட வர்றாங்களா?" என்று கேட்பதே நல்ல உதவி. வரும் பதிலைப் பொறுத்து லிஸ்ட்டே மாறிவிடும்.