தேடல் கருவிகளின் ஆப்ஷன் பெயர்கள்: பயனர் கோரிக்கைச் சாசனம்

கிரெப், ரிப்கிரெப், ஆக் முதலான கமாண்ட் லைன் தேடல் கருவிகளை உருவாக்கிப் பராமரிப்பவர்களுக்கு, அவற்றை அன்றாடம் பயன்படுத்தும் சர்வர் நிர்வாகிகளும் நிரலாளர்களும் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

முகவுரை

கென் தாம்ப்சன் 1973-ல் யூனிக்ஸுக்காக எழுதிய கிரெப், இன்றும் உலகெங்கும் சர்வர்களில் ஓடுகிறது. அதன் ஆப்ஷன்கள் எண்ணற்ற ஸ்கிரிப்ட்களுக்குள் இருக்கின்றன. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்த ஸ்கிரிப்ட்கள் இரவுதோறும் கிரானில் ஓடுகின்றன. ஆகவே ஆப்ஷன் பெயரை மாற்றுவது கருவியின் உள்விவகாரம் அல்ல. முகம் தெரியாத பலரின் வேலையில் கைவைப்பது.

மாற்றமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓர் ஆப்ஷனை நீக்கினால் பழைய ஸ்கிரிப்ட் பிழை காட்டும். யாராவது பார்த்துச் சரிசெய்வார்கள். அதே எழுத்துக்கு வேறு பொருள் கொடுத்தாலோ, ஸ்கிரிப்ட் தப்பான விடையைத் தந்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் முதன்மையான முறையீடு இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

நாங்கள் கண்டவை

க்னூ கிரெப்பில் சிறிய ‘ஆர்’, பெரிய ‘ஆர்’ இரண்டும் முன்பு ஒரே வேலையைச் செய்தன. 2012-ல் வந்த 2.12 பதிப்பிலிருந்து, சிறிய ‘ஆர்’ டைரக்டரிக்குள் எதிர்ப்படும் சிம்பாலிக் லிங்க்குகளைப் பின்தொடர்வதில்லை. மாற்றத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் லிங்க் வழியே தேடிவந்த ஸ்கிரிப்ட்டுக்குப் பிழையைக் குறிக்கும் 2 என்ற எக்ஸிட் கோடு வராது. ‘கிடைக்கவில்லை’ என்பதற்கான 1 மட்டுமே வரும். ‘கிடைக்கவில்லை’ என்றால் ‘பிரச்சினை இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் அதை நம்பிவிடும்.

2016-ல் வெளியான ரிப்கிரெப்பில் சிறிய ‘ஆர்’ என்றால் ‘மாற்றிக் காட்டு’. கிரெப் பழக்கத்தில் ஒருவர் சிறிய ‘ஆர்’, அடுத்து ‘எரர்’ என்ற சொல், அதற்கடுத்து ‘லாக்ஸ்’ என்ற டைரக்டரி என அடிக்கிறார். கருவியோ, இருக்கும் டைரக்டரியில் ‘லாக்ஸ்’ என்ற சொல்லைத் தேடி, கிடைத்த இடத்திலெல்லாம் ‘எரர்’ என்று மாற்றித் திரையில் காட்டுகிறது. ஃபைல்களுக்குச் சேதமில்லை, ஆனால் தேடிய சொல் வரிக்கு வரி தெரிவதால் விடை சரி என்றே தோன்றும்.

பெரிய ‘எல்’ கிரெப்பில் பொருந்தாத ஃபைல்களைப் பட்டியலிடும். ரிப்கிரெப்பில் லிங்க்குகளைப் பின்தொடரும். சிறிய ‘எஸ்’ கிரெப்பில் பிழைச் செய்திகளை அடக்கும். ரிப்கிரெப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கட்டாயமாக்கும்.

ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டும் 1979-ன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தவை. க்னூ கிரெப் 2007-ல் அவற்றைக் கைவிடத்தக்கவை என அறிவித்தது. 2022-ல் வந்த 3.8 பதிப்பு, ஒவ்வொரு முறை ஓடும்போதும் எச்சரிக்கை அச்சிடத் தொடங்கியது. எரர் வெளியீட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்கிரிப்ட்களில் அந்த வரி விடையோடு கலந்துவிடுகிறது.

கோரிக்கைகள்

1. ஒரு கருவியில் ஒருமுறை பொருள் பெற்ற எழுத்துக்கு அதே கருவியில் வேறு பொருள் தரக் கூடாது. ஆப்ஷனை நீக்கினாலும் அந்த எழுத்து காலியாகவே இருக்கட்டும்.

2. பெயர் மாறினால் பழைய பெயரும் செயல்பட வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல: கிரெப்பில் ‘ஐ’க்குப் பழைய இணையான ‘ஒய்’ நெடுங்காலம் வைத்திருக்கப்பட்டது, ரிப்கிரெப் ‘சார்ட்-ஃபைல்ஸ்’ ஆப்ஷனைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தும் வேலைசெய்ய விட்டிருக்கிறது.

3. நீக்குமுன் பல ஆண்டுகள் அவகாசம் வேண்டும். ‘கிரெப்_ஆப்ஷன்ஸ்’ என்ற சூழல் மாறிக்கு 2014-ல் எச்சரிக்கை வந்தது. 2020-ல்தான் அது செயலிழந்தது. அதுவே குறைந்தபட்ச அளவாக இருக்கட்டும்.

4. எச்சரிக்கை, எதிரே டெர்மினல் இருக்கும்போது மட்டும் அச்சாக வேண்டும். அதை நிறுத்த வழியும் வேண்டும்.

5. புதிய கருவி எழுதுவோர், கிரெப்புக்குப் போசிக்ஸ் தரம் பொருள் வகுத்துள்ள எழுத்துகளை அதே பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தொடாமல் விட வேண்டும். ஏற்கெனவே பரவிவிட்ட கருவிகளில் எழுத்தை இனி மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் வேறொரு கூட்டம் பாதிக்கப்படும். பழக்கதோஷத்தில் தவறக்கூடிய இடங்களைக் கையேட்டின் தொடக்கத்திலேயே அட்டவணையாகத் தந்தால் போதும்.

6. ஒவ்வோர் ஆப்ஷனும் எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மாறியது என்பதைக் கையேட்டில் அந்த ஆப்ஷனுக்கு அருகிலேயே எழுத வேண்டும்.

எங்கள் பொறுப்பு

ஸ்கிரிப்ட்களில் நீண்ட ஆப்ஷன் பெயர்களைச் சுருக்காமல் முழுதாக எழுதுவோம். எக்ஸிட் கோடு 1-ஐயும் 2-ஐயும் தனித்தனியாகச் சோதிப்போம். ஈகிரெப் இருக்கும் இடங்களில் கிரெப்புடன் பெரிய ‘ஈ’ சேர்த்து எழுதுவோம். சோதனைப் பதிப்புகளை ஓடவிட்டு, உடைபவற்றை வெளியீட்டுக்கு முன்பே தெரிவிப்போம்.

இந்தக் கருவிகளில் பலவற்றைப் பராமரிப்பவர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. முதல் கோரிக்கைக்கு ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. ஒரு மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் போதும். அதை அடுத்த வெளியீட்டிலிருந்தே கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.