வழியோரத்துப் பழைய நூல்கள்

பழனியை அடுத்துள்ள ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். சாலையோரத்தில் குவிந்திருக்கும் கனிகளைக் கண்டு வழிச்செல்வோர் நின்றுவிடுகின்றனர். வாங்கும் எண்ணத்தோடு அவர்கள் வீட்டைவிட்டுப் புறப்படவில்லை. நிறமும் மணமும் அழைக்க, ஒவ்வொன்றாய்க் கையிலெடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றனர். வெளியூர்ப் பயணத்தில் எதிர்ப்படும் பழைய புத்தகக் கடையும் இத்தகையதே.

தேடாமல் கிடைப்பது

புதிய நூல்களை விற்கும் கடைக்குச் செல்பவர், பெரும்பாலும் நூலின் பெயரை அறிந்தே செல்கிறார். இணையத்தில் வாங்குபவரும் அவ்வாறே. நடைபாதைக் கடையிலோ சோதிட நூலுக்கு அடியில் அறிவியல் நூலும், பழைய பாடநூலுக்கு அருகில் அட்டை கிழிந்த நாவலும் கிடக்கின்றன. முதல் பக்கத்தில் யாரோ ஒருவரின் கையெழுத்து, ஓரங்களில் பென்சில் குறிப்பு, இடையில் மறந்து வைத்த பேருந்துச் சீட்டு ஆகியன முன்பு படித்தவரின் இருப்பை உணர்த்துகின்றன. ஓர் ஊரின் கோயிலும் கடைவீதியும் கண்ணுக்குப் புலப்படுவன. அவ்வூரார் எவற்றைப் படித்தனர் என்பதை அறிய விரும்பும் பயணிக்கு இக்கடைகளே வழிகாட்டி.

ஒருவரின் தேடல்

இத்தகைய கடைகளின் பயனுக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1900இல் திறக்கப்பட்ட சென்னை மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்குப் புகழ்பெற்றிருந்தது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியர். பழைய புத்தகக் கடைகளில் நூல்களையும் இதழ்களையும் தேடித்தேடி வாங்கிய அவர், ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பிறர் பயனற்றவை எனக் கழித்துவிட்ட தாள்களும் இன்று ஆய்வாளர்க்குக் கருவூலமாக விளங்குகின்றன. மூர் மார்க்கெட்டோ 1985இல் தீக்கிரையாயிற்று. வணிகர்கள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தனர்.

நடைபாதை யாருக்கு?

நடைபாதை நடப்பவர்க்கே உரியது என்பது நியாயமான வாதம். தில்லி தரியாகஞ்சில் ஞாயிறுதோறும் நடைபெற்ற பழைய புத்தகச் சந்தை, போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2019இல் அகற்றப்பட்டுச் சுற்றுச்சுவருக்குள் அமைந்த வேறொரு வளாகத்திற்கு மாற்றப்பட்டது. வணிகர்களுக்கு மாற்றிடம் கிடைத்தது நன்றே. எனினும், சுவருக்குள் அமைந்த சந்தைக்கு நாடிச் செல்பவரே செல்வர்; போகிற போக்கில் நின்று பார்ப்பவர் குறைவர். பாரிசில் சீன் ஆற்றங்கரைச் சுவர்மீது பழைய நூல்களைத் தாங்கிய பச்சைப் பெட்டிகள் வரிசையாக உள்ளன. 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக அவற்றில் பலவற்றை அகற்றத் திட்டமிட்டனர். எதிர்ப்பு எழவே அத்திட்டம் கைவிடப்பட்டது. நகரின் அடையாளங்களுள் ஒன்றாக அக்கடைகளை மக்கள் கருதியதே அதற்குக் காரணம்.

நடப்பவரின் உரிமையும் நூலின் இருப்பும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை. அகன்ற சாலையின் ஓரத்திலோ பேருந்து நிலையத்தின் ஒரு பகுதியிலோ குறித்த நாளில், குறித்த நேரத்தில் இடம் ஒதுக்கினால் போதும். ஆனால், அவ்விடம் மக்கள் நாள்தோறும் கடந்து செல்லும் வழியில் அமைதல் வேண்டும்.

இதன் பயன் பெருநகரங்களோடு நின்றுவிடுவதன்று. போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடைபெறும் ஊராகவும் ஆயக்குடி அறியப்படுகிறது. அங்கே பயில்வோர் போன்ற எளிய குடும்பத்து மாணவர்க்கு, முழுவிலை கொடுத்து வாங்க இயலாத நூல் குறைந்த விலையில் கிடைப்பது பெருந்துணை. அடியவர் திரளும் பழனி போன்ற ஊரின் பேருந்து நிலையத்தில் பழைய நூல்களுக்கென ஓர் ஓரம் ஒதுக்கப்படுமாயின், கொய்யாப் பையோடு ஊர் திரும்புபவரின் கையில் ஒரு நூலும் இருக்கும்.