ஊருக்குப் போகும்போது மீன்தொட்டி

கேள்வி: நான்கு நாள் வெளியூர் செல்கிறோம். மின்தடை ஏற்பட்டால் தொட்டி மீன்கள் தாங்குமா?
- வாசகர், தேனி மாவட்டம்

பதில்: மீன்களுக்கு ஆபத்து பசியால் அல்ல, பிராணவாயுக் குறைவால்தான். வளர்ந்த மீன்கள் நான்கு நாள் தீனியின்றித் தாங்கும். மிஞ்சிய தீனி அழுகினால் இருக்கும் பிராணவாயுவும் தீரும். பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுக்க வேண்டாம்.

மின்சாரம் நின்றதும் தானே இயங்கும் பேட்டரி காற்று பம்ப் பொருத்தவும். சுவிட்சை அணைத்து, இயங்குகிறதா என முன்கூட்டியே சோதிக்கவும். காற்றுக் குழாயில் ஒருவழி வால்வு அவசியம். இல்லையேல் பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி வடியலாம். சூடான நீரில் பிராணவாயு குறையும் என்பதால் ஜன்னலுக்குத் திரையிடவும். கௌராமி, ஃபைட்டர் மீன்கள் மேல்காற்றைச் சுவாசித்துச் சமாளிக்கும். தங்கமீன்கள் விரைவில் திணறும். வீட்டைப் பூட்டும்போது பழக்கத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.